இடது கைக்கு ஒரு வில்

“உங்க பொண்ணுக்கு எந்தக் கை மேடம்?”

வில்வித்தைப் பயிற்சியாளர் கிரீஷ் கேட்ட இந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. பெற்ற தாய்க்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயங்களில் இது ஒன்றும் கடினமானதல்ல. இனியாவின் பிறந்த எடை எனக்குத் தெரியும். எந்தத் தடுப்பூசி எந்த மாதம் போட்டது என்று தெரியும். முதலில் விழுந்த பல் எது என்பதும், அந்தப் பல் இப்போது எந்த டப்பாவில் இருக்கிறது என்பதும்கூடத் தெரியும். எந்தக் கை என்பது மட்டும் தெரியவில்லை.

ஓசூரில், பாகலூர் சாலையில் மனை பிரித்துக் கல் நட்டு, இன்னும் ஒரு வீடுகூட எழும்பாத லேஅவுட் ஒன்றில்தான் அந்தப் பயிற்சி நடக்கிறது. கற்களுக்கு நடுவே வைக்கோல் பொதிகள், அவற்றின் மேல் வட்டவட்டமாக வண்ணத்தாள். பக்கத்துக் கொத்தமல்லித் தோட்டத்தில் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்ததால் காற்றெல்லாம் ரச வாசனை. நான்காம் வகுப்புப் படிக்கும் என் மகள் இனியா என் துப்பட்டா நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“எழுதறது இடது கை,” என்றேன்.

“சரி.”

“சாப்பிடறது வலது கை.”

“ம்.”

“பல் விளக்கறது இடது. பந்து எறியறது அன்னன்னைக்கு ஒரு கை. தலை சீவறது நான்தான்.”

கிரீஷ் அத்திப்பள்ளிக்காரர். கன்னடத்தில் தொடங்கி தமிழில் முடிப்பார். “மேடம், நான் கேட்டது ஒந்து கை. நீங்க போட்டோ ஆல்பமே காட்டறீங்க,” என்றார். பிறகு அவரே தீர்ப்பும் சொன்னார். “இங்க இருக்கறது எல்லாமே ரைட் ஹேண்ட் வில்லுதான். சின்னப் பிள்ளைதானே, பழக்கிடலாம் விடுங்க.”

பழக்கிடலாம். அந்தச் சொல்லை நான் ஏற்கெனவே ஒரு தடவை கேட்டிருக்கிறேன்.

சோற்றுக் கை

இந்தத் தொடரைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் நாத்தனாரைத் தெரியும். குக்கர் விசில் அத்தியாயத்தில் வந்தவர். என் கணவர் செந்திலின் அக்கா. பாரூரிலிருந்து கல்யாணமாகி வந்து எங்கள் மாடி வீட்டில் குடியிருக்கிறார். நான் அவரை அண்ணி என்றுதான் கூப்பிடுவேன்.

இனியா தானாகச் சாப்பிடத் தொடங்கிய வயதில் நான் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்தேன். மற்றவர்கள் செய்ததை அளந்து பார்த்து, சரியில்லை என்று சிவப்புச் சீட்டு ஒட்டுவது என் வேலை. அதில் எனக்கு நல்ல பெயர். இனியா அந்த நேரத்தில் அண்ணியிடம் இருந்தாள்.

அண்ணி அடிக்கவில்லை, திட்டவில்லை. தட்டை மட்டும் மெல்ல வலது பக்கம் நகர்த்துவார். “சோத்துக் கைல சாப்பிடு சாமி. பந்தியில நாலு பேரு பாப்பாங்க இல்ல?” ஒவ்வொரு கவளத்துக்கும் இதே வார்த்தை. பழக்கிடலாம் விடு, என்று என்னிடம் சொன்னார். சில வாரங்களில் பழக்கியும் விட்டார். கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து நான் பார்த்தபோது குழந்தை வலது கையால் அழகாகத் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. எவ்வளவு சமத்து என்று மகிழ்ந்துபோனேன்.

பெற்றோர் கூட்டத்தில் ஆசிரியைகள் வருடா வருடம் சொல்வதும் இதுதான். “ஒரு தொந்தரவும் இல்லாத குழந்தை.” மற்ற அம்மாக்கள் இதைக் கேட்கத் தவம் கிடக்கிறார்கள். எனக்கோ அன்று இரவு சாப்பாடு இறங்காது. ஏனென்றால் என்னைப் பற்றியும் இதையேதான் சொன்னார்கள். அதன் பலனாக நான் எந்தப் படிப்பைப் படித்தேன், எந்த ஊரில் வாழ்க்கைப்பட்டேன், எப்போது வேலையை விட்டேன் என்பதெல்லாம் பிறர் மகிழ்ச்சிக்காக நடந்தேறின. குறையொன்றும் இல்லை. யாராவது கேட்டால் குறையொன்றும் இல்லை என்றுதான் சொல்வேன், அதற்கும் பழகிவிட்டேன்.

இனியா கிளப்பின் வலது கை வில்லோடு சில வாரம் மல்லுக்கட்டினாள். அம்புகள் எல்லாம் கொத்தமல்லிக்குப் போயின. பயிற்சி நாளான ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மட்டும் அவளுக்கு வயிற்றுவலி வந்தது.

ஒருநாள் திரும்பி வரும்போது, ஸ்கூட்டரில் என் முதுகோடு ஒட்டிக்கொண்டு சொன்னாள். “அம்மா, அந்த வில்லு வேற யாரோடதோ மாதிரி இருக்கு.”

என் மகள் வாழ்க்கையில் சொன்ன முதல் புகார் அது. அடுத்த சிக்னலுக்குள் நான் முடிவெடுத்துவிட்டேன். எழுதுவதற்கு மிஞ்சிய அந்த ஒரு இடது கையை யாரும் மாற்ற விடப்போவதில்லை. உலகத்தில் ஒரு பொருளாவது அவள் கைக்கென்று இருக்கட்டும்.

மாதிரி இல்லை, நிஜம்

குழந்தைக்கான இடது கை வில் என்று இணையத்தில் தேடினால் ரப்பர் முனை வைத்த பொம்மைகள் வந்தன. “நீயே செஞ்சுடேன்,” என்றார் செந்தில். “இவ்ளோ வருசம் அடுத்தவன் செஞ்சதையே ரிஜெக்ட் பண்ணியே. நீயும் ஒண்ணு செய்யி, நான் ரிஜெக்ட் பண்றேன்.”

அவர் விளையாட்டாகச் சொன்னார். எனக்கு யாராவது எதையாவது சொன்னால் செய்துமுடித்துவிடுவது வழக்கம்.

எங்கள் வீட்டு மேஜை முனைகளில் இன்னமும் ரப்பர் மூடிகள் இருக்கின்றன. பென்சில் சீவினால் சீவல் கண்ணில் படும் என்று நானே சீவித் தருகிறேன். அப்பேர்ப்பட்ட நான் குழந்தைக்கு ஆயுதம் செய்ய உட்கார்ந்தேன். அதனால்தான் கழற்றி மாட்டும் வில்லாகத் தேர்ந்தெடுத்தேன். நடுவே ஒரு பிடிக்கட்டை, மேலும் கீழும் வளையும் இரண்டு பட்டைகள், அவற்றை முடுக்க இரண்டு போல்ட். கழற்றிவிட்டால் அது ஆயுதமில்லை, மூன்று கட்டைகள். ஸ்கூட்டர் சீட்டுக்கடியில் போட்டுக்கொண்டு ஜூஜுவாடி செக்போஸ்ட் தாண்டிப் போனாலும் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள்.

பிடிக்கட்டையில் அம்பு உட்கார ஒரு சின்ன வெட்டு இருக்கும். வில்லில் கை வித்தியாசம் அங்கேதான். வலது கைக்காரர் இடது கையில் வில்லைப் பிடித்து வலது கையால் நாணை இழுப்பார். அவருக்கு வெட்டு இடது பக்கம். இடது கைக்காரருக்கு எல்லாம் தலைகீழ். வெட்டு வலது பக்கம் வரவேண்டும். நான் கல்லூரி டிராயிங் பெட்டியைத் தேடி எடுத்து, சாப்பாட்டு மேஜையில் தாளை விரித்து, வெட்டை வலது பக்கம் வைத்து, மேலிருந்து பார்த்த தோற்றத்தையும் கீழே சேர்த்து வரைந்தேன். சரிபார்த்தேன். மறுபடி சரிபார்த்தேன். தாள் சுருளாமல் இருக்க ஓரத்தில் இனியாவின் ஜாமெட்ரி பாக்ஸை வைத்து, போட்டோ எடுத்து முனிராஜுக்கு அனுப்பினேன்.

முனிராஜ் சிப்காட் பக்கம் பேட்டர்ன் ஷாப் வைத்திருப்பவர். இரும்பு வார்ப்பதற்கு முன்னால் அந்த உருவத்தை மரத்தில் செய்து மணலில் பதிப்பார்கள். அந்த மர மாதிரிகளைச் செய்யும் கடை. வேலையில் இருந்த காலத்தில் அவருடைய மாதிரிகளில் பாதிக்கு நான் சிவப்புச் சீட்டு ஒட்டியிருக்கிறேன். அதனால் நல்ல பழக்கம்.

“என்னா மெட்டல்ங்க மேடம்?” என்று, நான் கடைக்குப் போனதும் கேட்டார்.

“மரம்.”

“மாதிரி மரந்தானுங்க. அத வெச்சி ஊத்தறது என்னாது? இரும்பா, அலுமினியமா?”

“எதையும் ஊத்தல. மரமாவே வேணும்.”

முனிராஜ் கண்ணாடியைக் கழற்றினார். “அப்ப இது மாதிரி இல்லீங்களா?”

“இல்ல. இதுதான் நிஜம்.”

“இத்தினி வருசத்துல எங்க கடை மரம் ஒண்ணும் நிஜமா ஆனதில்லீங்க,” என்றார். பின்னால் ரம்பம் ஓட்டிக்கொண்டிருந்தவர் சிரித்தார். “இரும்பு சுருங்கும்னு கொஞ்சம் பெருசா செய்வோம். இதுக்கு எவ்ளோ சேக்கட்டும்?”

“ஒண்ணும் சேக்காதீங்க. குழந்தைக் கை. அதுவே வளரும்.”

தேக்குக் கட்டையின் நடுவே, பழைய கட்டில் காலிலிருந்து எடுத்த கறுப்பு மரத்தை ஒரு பட்டையாக ஒட்டி, அறுத்து, போல்ட் துளைகளுக்குப் பித்தளை மரை இறக்கிக் கொடுத்தார். மீதி நான் செய்ய வேண்டியது.

சைக்கிள் ட்யூப்

வளையும் பட்டைகளை மூங்கிலில் செய்தேன். மெல்லிய மூங்கில் தகடுகளை அடுக்கி, வெளிப்புறம் இரண்டிலும் கண்ணாடியிழைத் துணி வைத்து, இடையில் இபாக்ஸி பசை தடவி, வளைந்த மர அச்சின் மேல் படுக்கவைத்து இறுக்கவேண்டும். இறுக்குவதற்கு உலகெங்கும் வில் செய்பவர்கள் நம்பும் கருவி, நாடாவாக வெட்டிய பழைய சைக்கிள் ட்யூப். வீடியோக்களில் வெள்ளைக்காரர்கள் அதைச் சுற்றும்போது எனக்கு ஊர் பஞ்சர் கடை ஞாபகம் வந்தது.

ஓசூர் குளிரில் பசை இறுகவில்லை. மறுநாள் தொட்டுப் பார்த்தால் பாகு பதத்தில் இருந்தது. பிளைவுட் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து, உள்ளே பழைய குண்டு பல்பு எரியவிட்டு அடைகாத்தேன். அண்ணி வந்து பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

“கோழிக் குஞ்சா?”

“இல்லண்ணி. வில்லு.”

“என்னாத்துக்கு?”

“இனியாவுக்கு. இடது கைல விடறதுக்கு.”

அண்ணி பெட்டியைப் பழையபடி மூடினார். “சோத்துக் கைதான் நல்லாப் பழகிக்கினாளே,” என்று மட்டும் சொல்லிவிட்டு மாடியேறிப் போனார்.

இந்த நாட்களில் நான் வேலை செய்த வராந்தாப் பக்கமே இனியாவை விடவில்லை. மூங்கில் தூசு நுரையீரலுக்கு ஆகாது. பசை தோலுக்கு ஆகாது. அரம் விரலுக்கு ஆகாது. கதவுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று மூக்கை அழுத்திக்கொண்டு பார்ப்பாள். ஸ்கேலை வைத்து அவள் உள்ளங்கை அகலத்தை மட்டும் அளந்துகொண்டேன். அவள் கைக்கென்று செய்த வில்லை, முடியும்வரை அவள் கை தொடவே இல்லை. இதை எழுதும்போதுதான் எனக்கே இது உறைக்கிறது.

மாடிப்படியில் கொடியேற்றம்

இரண்டு பட்டைகளும் ஒரே அளவு வளையவேண்டும். அதைப் பார்க்க, வில்லைச் சுவரில் கிடைமட்டமாகத் தாங்கவைத்து, நாணில் கயிறு கட்டி, கப்பி வழியாகக் கீழே இழுப்பார்கள். ஒருவர் இழுக்க, ஒருவர் எட்ட நின்று பார்க்கவேண்டும். எங்கள் வீட்டில் அவ்வளவு உயரச் சுவர் மாடிப்படியில்தான் இருக்கிறது. முதல் ஷிஃப்ட் முடிந்து வந்த செந்தில் யூனிபாரத்தோடு கயிறை இழுத்தார். நான் கேட் அருகே நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன்.

அண்ணி வாளியோடு இறங்கி வந்தவர் நின்றுவிட்டார். “ஏன்டா, கொடியேத்தறியா?”

“பேலன்ஸ் பாக்கறோங்க்கா.”

“உன் பேலன்ஸ பாத்துக்கோ. வழிய விடு.”

மேல் பட்டை விறைப்பாக இருந்தது. விறைப்பான பட்டையை ஓரத்தில் மெல்லத் தேய்த்துக் கொண்டுவரவேண்டும். கொஞ்சம் கூடிவிட்டால் அது மற்றதைவிடத் தளர்ந்துவிடும், பிறகு அந்தப் பக்கம் தேய்க்க வேண்டும், இப்படியே போனால் கையில் பல்குச்சிதான் மிஞ்சும். ஒரு தேய்ப்பு, ஒரு இழுப்பு. எனக்குக் கூடுதலாக ஒரு கவலையும் இருந்தது. மேல் பட்டை விறைப்பா, கீழ்ப் பட்டை தளர்வா? இரண்டில் யார் பக்கம் குற்றம்? இதைச் செந்திலிடம் கேட்டபோது அவர் கயிறை விட்டுவிட்டு டீ போடப் போய்விட்டார்.

கடைசியில் இரண்டும் ஒன்றுபோல் வளைந்த அன்று, எட்ட நின்று பார்க்க அது பிறை மாதிரி இருந்தது. யாரையும் கூப்பிட்டுக் காட்டாமல் சிறிது நேரம் நானே பார்த்துக்கொண்டிருந்தேன். தொழிற்சாலை வாழ்க்கையில் எத்தனையோ பொருளுக்குப் பச்சைச் சீட்டு ஒட்டியிருக்கிறேன். ஒன்றைக்கூட இப்படிப் பார்த்ததில்லை.

பளபளப்பு

பிடிக்கட்டையை அரத்தால் உருட்டி, முரட்டு உப்புத்தாள், நடுத்தரம், மெல்லிசு என்று வரிசையாகத் தேய்த்தேன். ஈரத்துணியால் துடைத்தால் மரத்தின் ரோமம் எழுந்து நிற்கும். காயவைத்து மறுபடி தேய்க்கவேண்டும். அதன் பிறகு தேக்கின் நிறம் எண்ணெய் தடவிய தலைமுடி மாதிரி மேலெழுந்து வரும். பாலிஷ் டின்னில் குழந்தைகளுக்குப் பாதுகாப்பானது என்று எழுதியிருந்தது. நம்பாமல் கம்பெனிக்குப் போன் செய்து கேட்டேன். “குழந்தை அத நக்குமா மேடம்?” என்று கேட்டார்கள். நான்காம் வகுப்பு என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

முதல் பூச்சு காய்ந்துகொண்டிருந்தபோது ஆயுத பூஜை வந்தது. செந்திலின் பைக், அண்ணி வீட்டு மிக்ஸி, இனியாவின் ஸ்கூல் பேக் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே வந்த அண்ணி, வில்லுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார். வீட்டிலேயே உண்மையான ஆயுதம் அது ஒன்றுதான் என்பதால் என்னால் தடுக்கவும் முடியவில்லை. ஈரப் பாலிஷில் குங்குமம் இறங்கிவிட்டது. எவ்வளவு தேய்த்தும் ஒரு மெல்லிய சிவப்பு நின்றுவிட்டது. மேலே அடுத்தடுத்த பூச்சுகள் போட்டேன்.

முடித்துவிட்டுக் கையில் எடுத்துப் பார்த்தேன். இடது கையில் பிடித்து, வலது கையால் நாணை லேசாக இழுத்தேன். எவ்வளவு இயல்பாக இருந்தது! ஏதோ எனக்காகவே செய்ததுபோல அம்பு வாகாக உட்கார்ந்தது. நான் வலது கைக்காரி. எனக்கு வாகாக இருக்கும் ஒரு இடது கை வில்லில் ஏதோ கோளாறு என்று அந்த நொடியில் தோன்றியிருக்கவேண்டும். போல்ட் முடுக்கம், பட்டை முனை, சிராய்ப்பு, பாலிஷ் எல்லாவற்றையும் சந்தேகப்பட்ட எனக்கு அதில் மட்டும் சந்தேகமே வரவில்லை.

கீழே வரைந்த படம்

மைதானத்தில் மூன்று துண்டுகளையும் பையிலிருந்து எடுத்து மாட்டினேன். பிள்ளைகள் சுற்றி நின்று பார்த்தார்கள். இனியா என் முழங்கையைத் தொட்டுக்கொண்டு நின்றாள். கிரீஷ் வில்லை வாங்கி, திருப்பி, தட்டிப் பார்த்து, “சூப்பர் மேடம். கடையில வாங்கினாக்கூட இப்படி வராது,” என்றார். பிறகு அம்பு உட்காரும் வெட்டில் விரலை வைத்தார்.

“மேடம், இது யாருக்கு?”

“இனியாவுக்கு.”

“இனியா லெஃப்ட்தானே?”

“ஆமா. அதுக்குத்தானே இவ்ளோ பாடு.”

“இது ரைட் ஹேண்ட் வில்லு மேடம்.”

நான் பையிலிருந்து என் வரைபடத்தை எடுத்துக் காட்டினேன். படத்தில் வெட்டு வலது பக்கம் இருந்தது. கட்டையில் இடது பக்கம் இருந்தது. முனிராஜுக்குப் போன் செய்தேன்.

“நீங்க கீழ ஒரு படம் போட்டிருந்தீங்களே, அது கீழருந்து பாத்ததுதானுங்களே?” என்றார்.

“மேலருந்து பாத்தது.”

“எங்களுக்கு வர்ற எக்ஸ்போர்ட் டிராயிங்ல எல்லாம் மேலருந்து பாத்தா மேலதானுங்க போடுவாங்க.”

எனக்கு விளங்கிவிட்டது. எங்கள் கல்லூரியில் மேலிருந்து பார்த்த தோற்றத்தைக் கீழே வரையச் சொல்லித்தருவார்கள். அமெரிக்கப் பழக்கத்தில் கீழே வரைந்தால் அது கீழிருந்து பார்த்த தோற்றம். இரண்டும் சரி. ஒன்றை மற்றதென்று எடுத்துக்கொண்டால் இடது வலதாகிவிடும், அவ்வளவுதான். ஓசூரில் பாதிக் கம்பெனி ஒரு முறை, மீதிக் கம்பெனி இன்னொரு முறை. அதனால்தான் எந்த முறை என்று காட்ட ஓரத்தில் ஒரு சின்னம் போடவேண்டும்.

“சின்னம் போட்டிருக்கேனே,” என்றேன்.

“ஓரத்துல ஒரு டப்பாதானுங்க தெரியுது. ஆனைக்குட்டி போட்ட டப்பா.”

இனியாவின் ஜாமெட்ரி பாக்ஸ்.

நான் போனை வைத்துவிட்டுத் திரும்பியபோது வில் இனியாவின் இடது கையில் இருந்தது. வலது கையால் நாணை இழுத்துக்கொண்டிருந்தாள். யாரும் சொல்லவில்லை. அம்பு போய் நீல வட்டத்தில் நின்றது. அடுத்தது அதற்கும் உள்ளே, சிவப்பில். அதற்கு முன்பு அவள் அம்பு வைக்கோலைத் தொட்டதே அபூர்வம்.

“ரொம்ப நல்லா இருக்கும்மா,” என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். “இதே இருக்கட்டும். மாத்த வேணாம்.”

சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். நான் உப்புமா பரிமாறும்போதெல்லாம் அதே சிரிப்போடுதான் நல்லா இருக்கும்மா என்பாள். அவளுக்கு உப்புமா பிடிக்கவே பிடிக்காது என்று ஒருநாள் அண்ணி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

டீவியேஷன்

வீட்டில் எல்லோரும் மகிழ்ந்தார்கள். அண்ணி, “நான்தான் அப்பவே சொன்னேன், சோத்துக் கைலதான் சக்தி,” என்று கேசரி கிளறினார். செந்தில் தொழிற்சாலை மொழியில் தீர்ப்பளித்தார். அளவு தப்பிய பொருளைப் பார்த்துவிட்டு வாங்குபவர், பரவாயில்லை, இப்படியே எடுத்துக்கொள்கிறேன் என்று கையெழுத்திட்டால் அதை டீவியேஷன் என்பார்கள்.

“கஸ்டமரே டீவியேஷன் குடுத்துட்டா. நீ ஏன் இன்னும் சிவப்புச் சீட்ட கைல வெச்சிக்கிட்டு நிக்கற?”

“கஸ்டமருக்குப் பிடிச்சுக் குடுத்தாளா, சப்ளையர் பாவம்னு குடுத்தாளா?”

“அம்பு சிவப்புல போய்க் குத்துதே. அம்புக்குப் பாவ புண்ணியம் தெரியுமா?”

வில் இலகு, அவள் உயரத்துக்குச் சரியான அளவு, அதனால் அம்பு சேர்ந்திருக்கலாம். அல்லது அவள் நிஜமாகவே வலது கைக்காரியாகிவிட்டிருக்கலாம். கிரீஷ் மூன்றாவதாக ஒன்றைச் சொன்னார். “சில பேருக்குக் கை ஒண்ணு, கண்ணு ஒண்ணு மேடம். எந்தக் கண்ணு ஜோரோ அந்தப் பக்கம்தான் வில்லு.” இரண்டு கைகளையும் கோத்து ஒரு ஓட்டை மாதிரி வைத்து, அதன் வழியாகத் தூரத்துத் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கச் சொன்னார். ஒவ்வொரு கண்ணாக மூடி, எந்தக் கண்ணுக்குத் தொட்டி மறையாமல் தெரிகிறது என்று சொல்லவேண்டும்.

இனியா இரண்டு கண்ணையும் மாறி மாறி மூடிப் பார்த்தாள். பிறகு பணிவாகக் கேட்டாள். “எது தெரியணும் சார்?”

மேஜையில் இரண்டு கட்டை

கழற்றி மாட்டும் வில்லில் ஒரு வசதி உண்டு. பட்டைகள் பொதுவானவை, பிடிக்கட்டையை மட்டும் மாற்றினால் போதும், வில் கை மாறிவிடும். முனிராஜிடம் மறுபடி போனேன். “இந்த வாட்டி டப்பா இல்லாம படம் குடுங்க மேடம்,” என்று சிரித்தபடி வாங்கிக்கொண்டார். மறுபடி அரம், உப்புத்தாள், ஈரத்துணி, பூச்சு. இந்தமுறை வெட்டு வலது பக்கம். கையில் எடுத்தால் எனக்கு அசௌகரியமாக இருந்தது. நிம்மதியாக இருந்தது.

ஒரு சனிக்கிழமை மாலை இரண்டு பிடிக்கட்டைகளையும் சாப்பாட்டு மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். குரலில் எந்தப் பக்கமும் சாயாமல் சொல்ல, குளியலறையில் பயிற்சி எடுத்திருந்தேன்.

“இதுல உனக்கு எது வேணுமோ எடுத்துக்கோ. எதுன்னாலும் எனக்குச் சரி.”

இனியா புதியதன் மேல் கை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். பழையதன் மேல் கை வைத்துவிட்டு மறுபடி என் முகத்தைப் பார்த்தாள். என் முகம் என்ன செய்கிறது என்று எனக்கே தெரியாததால், அடுப்பைப் பார்ப்பதுபோலத் திரும்பிக்கொண்டேன். சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது.

பிறகு கேட்டாள். “அம்மா, நீ எதைச் செய்யும்போது ரொம்பக் கஷ்டப்பட்ட?”

சாம்பார் அடிப்பிடிக்கிறது என்றேன். பிடிக்கவில்லை. சாப்பிட்டுவிட்டுப் பேசலாம் என்றேன். பேசவில்லை. மறுநாள் பயிற்சிக்கு மழை வரும் என்று சொல்லி நிறுத்தினேன். அதற்கடுத்த ஞாயிறு அவளுக்கு இருமல் என்றேன். அவளும் என் மனம் நோகாமல் கொஞ்சம் இருமினாள். இரண்டு கட்டைகளும் இன்னும் மேஜையில்தான் இருக்கின்றன. நாங்கள் அவற்றைத் தள்ளிவைத்துவிட்டுச் சாப்பிடுகிறோம்.

ஆகவே வாசகர்களிடம் கேட்கிறேன். தொந்தரவே இல்லாத பிள்ளை என்று பெயரெடுத்து வளர்ந்தவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். சின்ன வயதில் உங்களிடம் யார், எந்த நேரத்தில், எப்படிக் கேட்டிருந்தால் உங்களுக்கு வேண்டியது இதுதான் என்று உண்மையைச் சொல்லியிருப்பீர்கள்? முகத்தைப் பார்த்தா, பார்க்காமலா? கேட்டா, கேட்காமலே விட்டுவிட்டா? இந்த இதழின் முகவரிக்கு எழுதுங்கள், கூடிய சீக்கிரம் எழுதுங்கள். தயவுசெய்து, குழந்தையிடமே கேட்டுவிடுங்கள் என்று மட்டும் எழுதாதீர்கள். கேட்டுவிட்டேன்.